மூன்று ஹோஸ்ட்டும் ஒரு சான் பெட்டியும்

அன்புத் தம்பிக்கு,

மூன்று ஹோஸ்ட், முப்பது விஎம், கையை இறுக்கும் மேனேஜர், ஷேர்டு ஸ்டோரேஜுக்கென்று சான் பெட்டியை எப்படியாவது தலையில் கட்டப் பார்க்கும் வெண்டர். உன் பாடு புரிகிறது. ஷேர்டு ஸ்டோரேஜா, லோக்கல் டிஸ்க்கா என்று முடிவெடுக்குமுன் மேனேஜரிடம் இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கு. ஒரு ஹோஸ்ட் படுத்தால் எவ்வளவு நேரம் தாங்குவார்கள்? எத்தனை நிமிட டேட்டா போனால் பரவாயில்லை? முதலில் ‘ஒரு நொடிகூட ஆகாது’ என்பார்கள். விலையைச் சொல், அது அரைமணி ஆகிவிடும்.

2003-இல் விஎம்வேர் விமோஷனைக் கொண்டுவந்தபோது, ஓடும் விஎம்மை நகர்த்த இரண்டு ஹோஸ்ட்டுக்கும் பொதுவான டிஸ்க் இருந்தே ஆக வேண்டும். நகர்வது மெமரி மட்டும்தான். 16 ஜிபி மெமரி ஒரு ஜிகாபிட் லைனில் இரண்டரை நிமிடத்தில் போய்விடும். 500 ஜிபி டிஸ்க்கையும் சேர்த்து இழுத்தால் அதே லைனில் ஒன்றேகால் மணி நேரம். 2012-க்குப் பிறகு விஎம்வேர், ஹைப்பர்-வி இரண்டுமே பொது டிஸ்க் இல்லாமலும் நகர்த்துகின்றன. இன்று ப்ராக்ஸ்மாக்ஸும் செய்கிறது. மாதம் ஒருமுறை பேட்ச் போட நகர்த்துகிறவனுக்குப் பத்து ஜிகாபிட் கார்டு போதும், சான் வேண்டாம்.

ஹோஸ்ட் திடீரென்று செத்தால்தான் ஷேர்டு ஸ்டோரேஜின் அருமை தெரியும். டிஸ்க் வெளியே பத்திரமாக இருப்பதால் விஎம் வேறு ஹோஸ்ட்டில் எழுந்துவிடும். ‘எழுந்துவிடும்’ என்பதைக் கவனி. ஹெச்ஏ (ஹை அவெய்லபிலிட்டி) என்றால் விஎம் இடைவெளியின்றி ஓடும் என்றே பாதிப்பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ரீபூட். மெமரியில் இருந்தது போனதுதான்.

ஷேர்டு ஸ்டோரேஜுக்கு நீ கொடுக்கும் விலை வேகம். டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டிலும், டிஸ்க் ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும்வரை காத்திருக்கும். நெட்வொர்க்கைத் தாண்டிப் போய்வர ஒரு மில்லிசெகண்ட் ஆனால், ஒரு கனெக்‌ஷனில் வினாடிக்கு ஆயிரம் கமிட்டுக்கு மேல் ஏறாது. மின்தடையைத் தாங்கும் கெப்பாசிட்டர் உள்ள லோக்கல் என்விஎம்இ இதைப் பல மடங்கு வேகத்தில் முடிக்கும். கெப்பாசிட்டர் இல்லாத கடைத்தெரு எஸ்எஸ்டியை வாங்கிப் போட்டுவிட்டு லோக்கல் டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் வராதே.

சான் பெட்டியே செத்தால் என்ன என்று கேட்டால், வெண்டர் ‘இரண்டு கன்ட்ரோலர் சார்’ என்பார். ஆனால் சேஸிஸ் ஒன்று, ஃபர்ம்வேர் ஒன்று. 2019-இல் ஹெச்பிஇ தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது: ஃபர்ம்வேரை மாற்றாவிட்டால் 32,768 மணி நேரம் ஓடியதும் டிஸ்க் செத்துவிடும், டேட்டாவும் திரும்பாது. ஒரே நாளில் ஆன் செய்த டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் போகும்போது ரெய்டு என்ன செய்யும்? லோக்கல் டிஸ்க்குக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் மூன்று ஹோஸ்ட்டுக்கும் வேறு வேறு மாடல் வாங்க உன்னால் முடியும், பெட்டிக்குள் முடியாது.

ஹோஸ்ட்டுகளின் லோக்கல் டிஸ்க்குகளையே சேர்த்து ஷேர்டு ஸ்டோரேஜாக்கும் செஃப் பற்றியும் கேட்டிருந்தாய். நல்ல சாமான், ஆனால் மூன்று ஹோஸ்ட்டில் மூச்சு முட்டும். வழக்கமான அமைப்பில் மூன்று நகல். 30 டிபி வாங்கினால் 10 டிபிதான் கையில், அதிலும் 85 சதவீதத்தில் எச்சரிக்கை. ஒரு ஹோஸ்ட் போனால் ஓடும், ஆனால் மூன்றாம் நகலை வைக்க இடம் கிடையாது. அந்த நேரம் பார்த்து இன்னொரு ஹோஸ்ட்டும் போனால் எல்லாம் நின்றுவிடும். ஐந்து ஹோஸ்ட் வரட்டும், அப்போது பேசலாம்.

உன் இடத்தில் நான் இருந்தால் லோக்கல் என்விஎம்இயில் இசட்எஃப்எஸ் போட்டு, விஎம் டிஸ்க்கை இன்னொரு ஹோஸ்ட்டுக்கு நகலெடுக்கும் ப்ராக்ஸ்மாக்ஸின் ரெப்ளிகேஷனை ஓடவிடுவேன். சும்மா விட்டால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். ஒரு நிமிடம்வரை குறைக்கலாம். ஹோஸ்ட் செத்தால் அந்த இடைவெளி டேட்டா போகும். அதைத் தாங்காத டேட்டாபேஸுக்கு அதன் சொந்த ரெப்ளிகாவை இன்னொரு ஹோஸ்ட்டில் வை. பேக்கப் இந்த மூன்றிலும் இல்லாமல் தனி மெஷினில் இருக்கட்டும். தப்பாக அழித்த ஃபைலை ரெப்ளிகேஷன் நகலிலும் ஒழுங்காக அழித்துவிடும்.

மேனேஜர் எழுத்தில் ‘ஒரு நிமிட டேட்டாகூட போகக் கூடாது’ என்று கையெழுத்திட்டால் சான் வாங்கு. அப்போது ஸ்விட்ச் இரண்டு, ஒவ்வொரு ஹோஸ்ட்டிலிருந்தும் இரண்டு பாதை, நாலு மணி நேர சப்போர்ட், எல்லாம் அதே கொட்டேஷனில் வர வேண்டும். பெட்டி விலையை மட்டும் காட்டியிருந்தால் திருப்பி அனுப்பு. கொட்டேஷனை எனக்கும் ஒரு காப்பி போடு. ஸ்விட்ச் மாடல் நம்பர் தெளிவாக இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்