புனைபெயரும் பிழைப்பும்

சென்ற ஆண்டு ஜூன் விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன்பு, உயர்நிலை நான்கில் படித்த மாணவி ஒருத்தி ஆசிரியர் அறைக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தாள். அவள் கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் இரண்டே கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். எழுத்தாளராக வேண்டுமானால் எந்தத் துறையில் படிக்க வேண்டும்? எழுதுவதை எந்தப் பெயரில் வெளியிட வேண்டும்?

மூன்று ஆண்டுகளாக அவள் கதை எழுதி வருவது எனக்குத் தெரியும். பள்ளிக்கு வரும் ரயிலிலும், தம்பி தூங்கிய பிறகு இரவிலும் கைப்பேசியிலேயே எழுதுவாள். அவற்றை இணையத்தில் வெளியிட்டும் வந்தாள். அவள் வைத்துக்கொண்ட பெயர்தான் அன்று சிக்கலாகிவிட்டது. உயர்நிலை ஒன்றில் தோழியரோடு சிரித்துக்கொண்டே வைத்த பெயர் அது: 'சோம்பேறிப் பூனை'. அதற்குப் பின்னால் அவள் பிறந்த ஆண்டு. இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியின் முன்கூட்டிய மாணவர் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தான் எழுதியவற்றைச் சான்றாகக் காட்ட வேண்டும்.

"நேர்காணலில் போய், 'சோம்பேறிப் பூனை நான்தான்' என்று எப்படி டீச்சர் சொல்வது?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பெயரைவிடப் பெரிய கவலை இன்னொன்றும் இருந்தது. அவளுடைய அம்மா கணக்கியல் படிக்கச் சொல்கிறார். "எழுத்து சோறு போடுமா?" என்று ஒரே கேள்வியில் பேச்சை முடித்துவிடுகிறாராம். இந்தக் கேள்வியைப் பலர் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ் எழுத்தாளர்களின் வாழ்க்கையைக் கொஞ்சமாவது படித்தவர்கள் அந்த அம்மாவைக் குறைசொல்ல மாட்டார்கள்.

புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்வோம். சொ. விருத்தாசலம் என்பது அவருடைய இயற்பெயர். 1906-இல் பிறந்தவர். தமிழ்ச் சிறுகதையின் போக்கையே மாற்றியவர். பத்திரிகையிலும் பிறகு திரைப்படத் துறையிலும் எழுத்தை நம்பியே வாழ முயன்றார். வறுமை அவரை விடவில்லை. காசநோயால் 1948-இல் இறந்தபோது அவருக்கு வயது 42.

அவருடைய கதைகளில் தோய்ந்துபோன இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். பி. கிருஷ்ணன் என்பது அவருடைய பெயர். 1932-இல் ஜொகூரில் பிறந்தவர். தாம் எழுதத் தொடங்கியபோது, புதுமைப்பித்தன்மீது கொண்ட பற்றினால் 'புதுமைதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். குருவின் பெயரை ஏற்றுக்கொண்ட அவர், குருவின் பிழைப்பு வழியை ஏற்றுக்கொள்ளவில்லை. வானொலியில் வேலைக்குச் சேர்ந்து பல்லாண்டுகள் பணியாற்றினார். அந்த வேலையால் அவருடைய எழுத்து குறைந்துபோகவில்லை. வானொலிக்காக நாடகம் எழுதப் போய்த்தான் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' பிறந்தது. கம்பத்து வீடுகளை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் புதிய வாழ்க்கையின் குழப்பங்களை நகைச்சுவையோடு காட்டியதால் நேயர்கள் அண்ணாசாமியைத் தங்கள் பக்கத்து வீட்டுக்காரராகவே எண்ணிக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார். சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் 2008-இல் அவரைத் தேடி வந்தது.

இதை நான் சொன்னதும், "அப்படியென்றால் வேலை வேறு, எழுத்து வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டுமா?" என்று அவள் கேட்டாள்.

பிரிப்பது அவ்வளவு எளிதன்று. வேலை, எழுத்துக்குள் எப்படியும் புகுந்துவிடும். சுஜாதா என்ற பெயரில் எழுதிய ரங்கராஜன் ஒரு பொறியாளர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை செய்தார். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கும் பங்குண்டு. அப்படிப்பட்டவர் கதை எழுதினால் இயந்திர நாய் பேசாமல் வேறென்ன செய்யும்? அகிலன் ரயில்வே அஞ்சல் பிரிவில் வேலை பார்த்தவர். 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருடைய 'சித்திரப்பாவை' நாவலுக்குக் கிடைத்தது. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார்.

நம் ஊரிலேயே நா. கோவிந்தசாமி இருந்தார். ஆசிரியராக இருந்து, பிறகு தேசிய கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானவர்; சிறுகதை எழுத்தாளர். எழுதுவதற்காகவே கணினிப் பக்கம் போனவர் என்று அவரைச் சொல்லலாம். 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது, தமிழும் அதில் தோன்ற வேண்டும் என்று உழைத்தார். இன்று நீங்கள் கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்கிறீர்கள் அல்லவா? அந்தப் பாதையின் தொடக்கத்தில் ஒரு தமிழாசிரியர் நின்றார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளையும், பின்னர்ச் 'செல்லினம்' செயலியையும் உருவாக்கியதும் இதே பாதையில்தான்.

ஆகவே, 'எழுத்தாளராக எந்தத் துறையில் படிக்க வேண்டும்?' என்பதைவிட, 'எந்த வேலையில் இருந்தால் நான் தொடர்ந்து எழுதுவேன்?' என்று கேட்பது பயனுள்ளது என்றேன். இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை இல்லை. செய்தியாளர் நாள்தோறும் எழுதுகிறார். மாலையில் வீடு திரும்பியதும் அவருக்கு மறுபடி எழுத மனம் வராமல் போகலாம். மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்வளம் பெருகும். ஆனால், அடுத்தவர் சிந்தனைக்குள்ளேயே நாள் முழுவதும் உலவ வேண்டும். ஆசிரியர் வேலையைப் பற்றி நானே சொல்லக்கூடாது. திருத்த வேண்டிய கட்டுரைகள் மேசையில் குவிந்திருக்கும் வாரங்களில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

இனி, பெயருக்கு வருவோம்.

புனைபெயர் வைத்துக்கொள்வதற்கு எழுத்தாளர்களுக்குப் பல காரணங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் ரா. கி. ரங்கராஜன் என்றோர் எழுத்தாளர் ஏற்கெனவே புகழோடு இருந்தார். குழப்பம் வரக்கூடாது என்று இந்த ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான சுஜாதாவை எடுத்துக்கொண்டார். கனகசுப்புரத்தினம், பாரதிமீது கொண்ட அன்பினால் பாரதிதாசன் ஆனார். அகிலாண்டம் என்ற பெயர் அகிலன் எனச் சுருங்கியது. சுந்தர ராமசாமி கதைகளைத் தம் பெயரிலும் கவிதைகளைப் 'பசுவய்யா' என்ற பெயரிலும் எழுதினார். இங்கிலாந்தில் மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண், ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் நாவல்களை வெளியிட்டார்.

இவர்கள் எல்லாரிடமும் ஒன்று பொதுவாக இருந்தது. வாசகருக்குத்தான் உண்மைப் பெயர் தெரியாது. பத்திரிகை ஆசிரியருக்கோ பதிப்பாளருக்கோ தெரிந்திருக்கும். கதையில் தவறு இருந்தால் திருத்தவும், வம்பு இருந்தால் திருப்பி அனுப்பவும் நடுவில் ஒருவர் இருந்தார். இணையத்தில் அந்த நடு ஆள் இல்லை. நள்ளிரவில் எழுதியதை நள்ளிரவிலேயே வெளியிடலாம். கோபத்தில் எழுதியதைக் கோபம் தணிவதற்குள் நூறு பேர் படித்துவிடலாம். அதனால்தான், "உன் பெயருக்குப் பின்னால் இருப்பது நீதான் என்று பெரியவர் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்" என்று அவளிடம் சொன்னேன். அவள் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் தெரியவந்தது.

புனைபெயரை முகமூடியாக நினைப்பவர்களும் உண்டு. அந்த முகமூடி சட்டத்தின் முன் நிற்காது. 2014-இல் இயற்றப்பட்ட துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் இணையத்தில் எழுதுவதற்கும் பொருந்தும்.

அதே சட்டம்தான் எழுதுபவரையும் காக்கிறது. வேறொரு சட்டம் எழுத்தாளரின் பெயரையே காக்கிறது. சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவருடைய படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர், சில விதிவிலக்குகளைத் தவிர, படைப்பாளர் இன்னார் என்று குறிப்பிட வேண்டும். அவர் புனைபெயரில் அறியப்பட விரும்பினால் அந்தப் பெயரையே குறிப்பிட வேண்டும். 'சோம்பேறிப் பூனை'க்கும் அந்த மரியாதை உண்டு! ஆனால், அந்தப் பூனை நாம்தான் என்று காட்ட நம்மிடம் சான்று வேண்டும். தேதியோடு சேமித்த முதல் வரைவு, அடித்துத் திருத்திய பக்கங்கள் போன்றவற்றை அழித்துவிடாதே என்றேன். நேர்காணலிலும் அவை உதவும். அச்சான கதையைவிட அடித்தல் திருத்தலோடு இருக்கும் தாளே எழுதியவரின் உழைப்பைக் காட்டும்.

பிறகு இருவரும் உட்கார்ந்து பெயர் தேடினோம். பிறந்த ஆண்டும் பள்ளியின் பெயரும் இருக்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்பின் தெரியாதவருக்கு நம் வயதையும் இருப்பிடத்தையும் நாமே ஏன் சொல்ல வேண்டும்? அவள் எழுதி வைத்திருந்த பட்டியலில் 'நிலவின் மகள்' இருந்தது. தேடிப் பார்த்தால் ஏற்கெனவே பல மகள்கள் இருந்தார்கள். 'யாழினி' அழகான பெயர்தான். ஆனால், பல இணையத்தளங்களில் பயனர் பெயரை ஆங்கில எழுத்துகளில்தான் பதிய முடிகிறது. ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார். இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார். கதை பிடித்துப்போய்த் தேடி வரும் வாசகர் வழி தவறி வேறொரு யாழினியின் வீட்டுக்குப் போய்விடுவார். அன்று பெயர் அமையவில்லை. மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டாள்.

விடுமுறையில் மூன்று கதைகளை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாளாம். அம்மா இரவு வேலை முடிந்து வந்து படித்திருக்கிறார். காலையில் அவளை எழுப்பி, "இரண்டாவது கதையில் வருகிற அந்த அம்மா நானா?" என்று மட்டும் கேட்டாராம். ஆமாம் என்று சொல்லவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம். "நான் அவ்வளவு சத்தமாகவா பேசுகிறேன்?" என்பது அடுத்த கேள்வி. அதன் பிறகு எழுத்தைப் பற்றி வீட்டில் சண்டை குறைந்தது. முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

விண்ணப்பத்தில் மூன்று துறைகள்வரை குறிப்பிடலாம். முதலில் ஊடகத் துறையை எழுதினாள். இரண்டாவதாகக் கணக்கியலை எழுதினாள். அம்மாவின் மனநிறைவுக்காக எழுதினாயா என்று கேட்டேன்.

"பாதி அதற்காகத்தான். மீதி, கணக்கு எழுதுகிறவர்களைப் பற்றி அதிகமாக யாரும் கதை எழுதவில்லையே டீச்சர்! அவர்களுக்குத்தானே எல்லாருடைய வீட்டுச் செலவும் தெரியும்?" என்றாள்.

பெயரும் அமைந்துவிட்டது. அவளுடைய பாட்டியின் பெயர். சிறியது, ழகரம் இல்லை, இக்காலத்துப் பிள்ளைகளுக்கு யாரும் வைக்காத பெயர் என்பதால் இணையத்திலும் அதிகம் இல்லை. அதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். 'சோம்பேறிப் பூனை'யை அவள் அழித்துவிடவில்லை. பிறந்த ஆண்டை மட்டும் நீக்கிவிட்டு, பழைய கதைகளை அங்கேயே விட்டுவைத்தாள்.

பெயரை இரவல் தரப் பாட்டி உடனே சம்மதிக்கவில்லையாம். எழுதப் படிக்கத் தெரியாத தன் பெயர் கதைக்கு மேலே எதற்கு என்று இரண்டு நாள் மறுத்திருக்கிறார். மூன்றாம் நாள் பேத்தியைக் கூப்பிட்டு, "வச்சுக்கோ. ஆனா, என் பேரைப் போட்டு யாரையும் திட்டி எழுதிடாதே. எழுபது வருசமா நான் யார்கிட்டயும் கெட்ட பேர் வாங்கல" என்றாராம்.