ஓட்டு பிரிகிறதா? தொகுதிக் கணக்கைப் பாருங்கள்

நம்பிக்கை: சின்னக் கட்சிக்குப் போடும் ஓட்டு பா.ஜ.க.வுக்குப் போடும் ஓட்டு.

உண்மை: தொகுதிக்குத் தொகுதி மாறும். கோவை தெற்கில் 2021இல் பா.ஜ.க.வின் வானதி சீனிவாசன் 53,209 ஓட்டு வாங்கி 1,728 வித்தியாசத்தில் ஜெயித்தார். கமல்ஹாசனுக்கு 51,481, காங்கிரசின் மயூரா ஜெயக்குமாருக்கு 42,383. எதிர் ஓட்டு பிரிந்தது உண்மைதான். ஆனால் அங்கே இரண்டாமிடம் பிடித்தது கமலின் புதுக் கட்சி; மூன்றாமிடம் போனது பெரிய கூட்டணியின் வேட்பாளர். 'ஓட்டு வீணாகக் கூடாது' என்று கைக்குப் போட்டவர்களின் கணக்குத்தான் தப்பியது. பெரிய கொடியைப் பார்த்து முடிவெடுப்பதில் இருக்கும் ஆபத்து இது.

நம் உத்திரமேரூரில் அதே ஆண்டு தி.மு.க.வின் க.சுந்தர் பா.ஜ.க. இடம்பெற்ற கூட்டணியின் அ.தி.மு.க. வேட்பாளரை வென்றது வெறும் 1,622 ஓட்டில். நாம் தமிழர் வாங்கியது அதைவிட அதிகம். அதனாலேயே அவர்கள் ஒருவரின் ஓட்டைப் பறித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த வேட்பாளர் இல்லாவிட்டால் சிலர் சாவடிக்கே வராமல் இருந்திருக்கலாம். எந்த ஓட்டும் எந்தக் கட்சியின் பட்டா நிலமும் அல்ல.

நம்பிக்கை: நோட்டா அதிகம் விழுந்தால் மறுதேர்தல்.

உண்மை: சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் இல்லை. நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து நிற்பவர்தான் எம்.எல்.ஏ. ஒருவரைத் தடுக்க நினைப்பவருக்கு இந்தப் பொத்தான் உதவாது.

நம்பிக்கை: டெபாசிட் போனால் அந்த ஓட்டும் போச்சு.

உண்மை: ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் போவது வேட்பாளர் கட்டிய பணம் மட்டுமே. 2024 மக்களவைத் தேர்தலில் ஒரு இடமும் ஜெயிக்காத நாம் தமிழர், 8 சதவீதத்தைத் தாண்டியதால் மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றது. தோற்ற ஓட்டுகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது அது.

நம்பிக்கை: பிரான்ஸ் போல மக்களே கடைசி நேரத்தில் ஒன்றுசேர்ந்து தடுத்துவிடலாம்.

உண்மை: பிரான்சில் இரண்டு சுற்று உண்டு. 2024இல் முதல் சுற்று முடிவைப் பார்த்த பிறகுதான் தீவிர வலதுசாரிகளைத் தடுக்க 200க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் விலகினார்கள். நமக்கு ஒரே சுற்று. ஆகவே இங்கே அந்த வேலையைத் தொகுதிப் பங்கீட்டின்போதே கட்சிகள் முடித்தாக வேண்டும். விடுதலைச் சிறுத்தைகள் 2024இல் தி.மு.க. கூட்டணியில், சொந்தப் பானைச் சின்னத்தில், சிதம்பரத்தையும் விழுப்புரத்தையும் வென்றது அப்படித்தான். கூட்டணியில் உரிய இடம் தராத பெரிய கட்சி, பிறகு வாக்காளரைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

வாக்குச்சாவடி வாரியான முடிவு படிவம் 20இல் இருக்கிறது. தேர்தல் அலுவலக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் ஊர்ச் சாவடியில் முதல் மூன்று இடம் யாருக்கு என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.