தொங்கும் கதவும் தேய்ந்த கீலும்

தோட்டப்புறங்களில் பிக்-அப் வண்டியின் உழைப்பு பெரிது. உர மூட்டைகளும் அறுவடைக் கருவிகளும் அதில்தான் செல்கின்றன. செம்பனை வரிசைகளுக்கு இடையிலும் மேடு பள்ளமான செம்மண் சாலைகளிலும் அது நாள் முழுதும் ஓடுகிறது. நள்ளிரவில் ஒருவருக்கு நோய் கண்டால் மருத்துவமனைக்கு விரைவதும் பல வேளைகளில் அதே வண்டிதான். இத்தகைய வண்டிகளுள் இருபது ஆண்டுகளைக் கடந்தவையும் உண்டு.

இயந்திர எண்ணெயையும் பிரேக்கையும் தவறாது கவனிக்கும் ஓட்டுநர்களுள் பலர், கதவை மட்டும் கவனிப்பதில்லை. “கொஞ்சம் தூக்கிச் சாத்துங்கள்” என்று ஏறுபவரிடம் சொல்வதோடு நின்றுவிடுகின்றனர். கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டுபவர்களும் இருக்கின்றனர். தூக்கிச் சாத்த வேண்டிய கதவு, ஓட்டத்தில் தானே திறந்துகொள்ளக் கூடிய கதவு என்பதை நாம் உணர வேண்டும்.

பெரும்பாலான வண்டிகளின் கதவுப் பூட்டு இரண்டு நிலைகளில் பிடிக்கும். முதல் ஓசை கேட்கும்போது அரைப் பிடியும், இரண்டாவது ஓசையில் முழுப் பிடியும் ஏற்படும். கதவு தொங்கிவிட்டால் பூட்டு, தூணில் உள்ள கொக்கிக்கு நேராக வந்து சேராது. பார்வைக்குக் கதவு மூடியிருக்கும். ஆனால் அரைப் பிடியில்தான் நிற்கும். மலேசியாவில் முன் இருக்கைகளில் பாதுகாப்பு வார் அணிவது 1979ஆம் ஆண்டிலும், பின் இருக்கைகளில் அணிவது 2009ஆம் ஆண்டிலும் கட்டாயமாக்கப்பட்டன. வாரை அணிவது நம் கடமை. எனினும், வாருக்குத் துணையாகக் கதவும் உறுதியாக மூடியிருந்தால்தான் பாதுகாப்பு முழுமை பெறும்.

கீல் தேய்வது ஏன்?

ஒரு கதவை மேலும் கீழுமாக இரண்டு கீல்கள் தாங்குகின்றன. கீலின் ஒரு பகுதி வண்டியின் முன்தூணிலும், மறு பகுதி கதவிலும் பொருத்தப்பட்டிருக்கும். இரு பகுதிகளையும் கோத்து நிற்பது கீலாணி. பட்டறைகளில் இதனைப் ‘பின்’ என்பர். பல வண்டிகளில் ஆணிக்கும் துளைக்கும் இடையே ‘புஷ்’ எனப்படும் மெல்லிய பித்தளை வளையம் இருக்கும். எஃகு ஆணி எஃகுத் துளையை அறுத்துவிடாதபடி, மென்மையான பித்தளை தான் தேய்ந்து மற்றவற்றைக் காக்கிறது. அதனை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் தேய்மானம் ஆணிக்கும், பின்னர் கீலுக்கும் பரவும்.

சிறு தேய்மானந்தானே என்று எண்ணலாகாது. எடுத்துக்காட்டாக, ஒரு கதவின் எடை 30 கிலோ என்றும், இரு கீல்களுக்கும் இடையே 40 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். எடையின் நடுப்புள்ளி கீலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்குமாயின், கதவு மேற்கீலை ஏறத்தாழ 37 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் வெளியே இழுக்கும். கீழ்க்கீலை அதே விசையுடன் உள்ளே அழுத்தும். மேற்கீலில் 1 மில்லிமீட்டர் தளர்வு ஏற்பட்டாலே, ஒரு மீட்டர் நீளமுள்ள கதவின் பின்முனை இரண்டரை மில்லிமீட்டர் இறங்கிவிடும். பூட்டு கொக்கியில் சரியாக விழாமற்போக இது போதும்.

மழைநீரும் சாலைப் புழுதியும் கீலுக்குள் புகுந்து அரம் போல் அராவுகின்றன. உரத்தூள் ஈரத்துடன் சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. ரப்பர்ப் பால் உறையாதிருக்கச் சேர்க்கப்படும் அம்மோனியாவோ பித்தளையை அரிக்கும் இயல்புடையது. ஆகவே உரமும் பாலும் ஏற்றும் வண்டிகளின் கீல்களை அடிக்கடி பார்த்தல் நலம்.

முதலில் நோயை அறிக

கதவைப் பாதியளவு திறந்து, அதன் பின்முனையை இரு கைகளாலும் மெல்லத் தூக்கி இறக்குக. அவ்வேளையில் மற்றொருவர் கீல்களை உற்று நோக்க வேண்டும். மூன்று நிலைகளுள் ஒன்று தென்படும்.

1. ஆணி தன் துளைக்குள் ஆடினால், புஷ் அல்லது ஆணி தேய்ந்துள்ளது.
2. ஆணி ஆடாமல் கீல் தகடு தூணிலோ கதவிலோ அசைந்தால், திருகாணிகள் தளர்ந்துள்ளன. அவற்றை இறுக்கினாலே குறை நீங்கக்கூடும்.
3. கீலைத் தாங்கும் தகடே வளைந்தாலும், அதில் வெடிப்போ துருத்துளையோ காணப்பட்டாலும், அது பற்றவைப்பு வேலை. பட்டறைக்கே கொண்டு செல்ல வேண்டும்.

இச்சோதனையைச் செய்யாமல், தூணில் உள்ள கொக்கியைக் கீழிறக்கிக் கதவை மூட வைப்பது பலரும் செய்யும் தவறு. தேய்மானம் அதனால் நிற்பதில்லை. சில மாதங்களில் கதவு மேலும் இறங்கும். கொக்கியை இறக்க இடமிராது. கதவை வலிந்து மேல்நோக்கி வளைப்பதும் தவறே.

புஷ்ஷும் ஆணியும் மாற்றும் முறை

எல்லா வண்டிகளின் கீல்களும் ஒரே வகையின அல்ல. சிலவற்றில் ஆணியும் புஷ்ஷும் தனியே கிடைக்கும். வேறு சிலவற்றில் ஆணியின் முனை அடித்து மடக்கப்பட்டிருக்கும். அவற்றிற்குக் கீலையே முழுதாக மாற்றுவது எளிது. பழைய உறுப்புகள் விற்கும் கடையில் கீல் வாங்குவோர், அதுவும் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

ஆணி தனியே கிடைக்கும் வகைக்கு வேண்டிய கருவிகள் சிலவே: சுத்தியல், ஆணியைத் தட்டி எடுக்கும் மழுங்கிய எஃகுக் கம்பி, ஸ்பேனர்கள், ஜாக்கி, மரக்கட்டை, பழந்துணி, துரு இளக்கும் எண்ணெய், கிரீஸ், கண் காப்புக் கண்ணாடி. உதவிக்கு ஒருவர் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துவிடுக. முதல் நாள் மாலையிலேயே கீலாணிகளின் இரு முனைகளிலும் துரு இளக்கும் எண்ணெயைத் தடவி வைத்தால் மறுநாள் வேலை எளிதாகும். கதவுக்குள் மின்கம்பிகள் சென்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கதவு அளவுக்கு மேல் திறவாமல் தடுக்கும் பட்டையையும் கழற்றுக. பின்னர் கதவின் அடியில் ஜாக்கியை வைத்து, அதன்மேல் மரக்கட்டையும் துணியும் இட்டு, கதவின் எடையை மட்டும் தாங்கும் அளவுக்கு உயர்த்துக. உதவியாளர் கதவைச் சாயாமல் பிடித்துக்கொள்வாராக.

இரு கீல்களின் ஆணிகளையும் ஒருங்கே எடுக்கலாகாது. ஒரு கீலை முடித்த பின்னரே மற்றதைத் தொட வேண்டும். அவ்வாறு செய்தால் கதவு தன் இடத்தை விட்டு முழுதும் விலகாது. சில கீல்களில் வலிய சுருள்வில் இருக்கும். அது விடுபட்டுத் தெறித்தால் முகத்தைக் காயப்படுத்தும். அத்தகைய கீலைப் பட்டறைக்காரரிடம் விடுவதே தக்கது.

ஆணியின் தலை எப்பக்கம் உள்ளதென்று பார்த்து, மறுமுனையிலிருந்து தலைப்பக்கமாகத் தட்டி வெளியேற்றுக. பழைய புஷ்களையும் தட்டி எடுத்துத் துளையைத் துடைத்துப் பார்க்க வேண்டும். துளை வட்டமாக இருந்தால் புதிய புஷ் நன்கு அமரும். முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால் புதிய புஷ்ஷும் விரைவில் தளர்ந்துவிடும். அப்போது கீலை மாற்றுக. அல்லது பட்டறையில் துளையைச் சீராக அகலப்படுத்திப் பெரிய அளவு புஷ் இடச் செய்க.

புதிய புஷ்ஷைச் சுத்தியலால் நேரே அடித்தால் பித்தளையின் விளிம்பு நசுங்கும். நீண்ட போல்ட்டும் நட்டும் இரு வளையத் தகடுகளும் கொண்டு, மெல்ல இறுக்கி உள்ளே இழுப்பதே சிறந்த முறை. பழைய புஷ்ஷின் விளிம்பு எப்பக்கம் இருந்ததோ, புதியதன் விளிம்பும் அப்பக்கமே இருத்தல் வேண்டும். பிறகு ஆணிக்குக் கிரீஸ் தடவுக. ஜாக்கியைச் சிறிது ஏற்றியும் இறக்கியும் துளைகளை நேராக்கி, ஆணியைச் செலுத்துக. ஆணி நேராகச் செல்லாவிட்டால் ஓங்கி அடிக்காமல் துளைகளை மீண்டும் நேராக்க வேண்டும். ஆணியின் முனையில் பூட்டு வளையம் இருந்திருந்தால் அதனை மறவாமல் இடுக.

கதவை நேராக்குதல்

வேலை முடிந்ததும் கதவை ஓங்கிச் சாத்தலாகாது. மெல்லக் கொண்டுவந்து, பூட்டு கொக்கிக்கு நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு கொக்கியை யாரேனும் கீழிறக்கியிருந்தால் அதனைப் பழைய இடத்துக்கு உயர்த்த வேண்டும். இன்னமும் கதவு சாய்ந்திருப்பின் கீலின் திருகாணிகளைச் சிறிதளவு தளர்த்திச் சீர்செய்யலாம். தளர்த்துமுன் கீலைச் சுற்றிக் கோடு வரைந்து கொள்க. எவ்வளவு நகர்த்தினோம் என்பதை அக்கோடு காட்டும்; வேண்டுமாயின் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம். கீலைச் சரிசெய்த பின்னரே கொக்கியைச் சரிசெய்வது முறை.

இறுதியில், கதவின் விளிம்பில் ஒரு தாள்துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் தாள் ஒரே இறுக்கத்துடன் வந்தால் கதவு நன்கு அமர்ந்துள்ளது. இரண்டு ஓசைகளும் கேட்கின்றனவா என்பதையும் உறுதி செய்துகொண்டு, பட்டையையும் பேட்டரியையும் மீண்டும் இணைத்துவிடுக.

பின்னர்ப் பேண வேண்டியவை

மாதத்திற்கு ஒருமுறை கீல்களைத் துடைத்து, ஆணியின் மேல்முனையில் சில துளி எண்ணெய் விடுக. வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்; இல்லையேல் புழுதி ஒட்டிக்கொள்ளும். கதவைப் பிடித்துத் தொங்கி ஏறுவதும், கூரைமேல் பொருள் கட்டுவதற்காகத் திறந்த கதவின்மேல் கால் வைப்பதும், கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவாறே வண்டியைப் பின்னுக்குச் செலுத்துவதும் கீலைக் கெடுக்கும் பழக்கங்கள். பிள்ளைகள் கதவில் ஊஞ்சலாடாதபடி பார்த்துக்கொள்வதும் பெரியோர் பொறுப்பு.

நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடரியால் வெட்டும் நிலைக்கு விடக்கூடாது என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று புஷ்ஷும் ஆணியும் வாங்கி ஒரு காலைப் பொழுதில் முடிக்கக்கூடிய வேலை, நாளை கதவையும் தூணையும் வெட்டிப் பற்றவைக்கும் செலவாக வளரலாம். அதனினும் பெரிது, அக்கதவோரம் அமர்ந்து வருபவரின் உயிர். நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் கதவின் பின்முனையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அது ஆடினால், அன்றே ஆவன செய்யுங்கள்.