வருமதியை விற்றால் காசு பெருகுமா?

கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம் கைக்கு வர மூன்று மாதம் செல்லும். அதுவரை காத்திராமல், அந்த வருமதியை நிதிக் கம்பனியொன்றுக்குக் கழிவுடன் கொடுத்துக் காசாக்குவதே 'பெக்டரிங்' எனப்படுகிறது. இது கணக்கில் எவ்வாறு தோன்றும்?

ஒரு மொத்த வியாபாரிக்கு 10 இலட்சம் ரூபா வரவேண்டியுள்ளது என்போம். மார்ச் 31இல் கணக்கு முடிகிறது. மார்ச் 20இல் அவர் அதனை 9½ இலட்சத்துக்குக் கொடுக்கிறார்.

சரக்கு வாங்கியவர் பணம் தராவிட்டாலும் நட்டம் நிதிக் கம்பனிக்கே என்றால் அது உண்மையான விற்பனை. வருமதி ஏட்டிலிருந்து நீங்கும். 9½ இலட்சமும் தொழிற்பாட்டுக் காசுப்பாய்ச்சலில் சேரும். மீதி அரை இலட்சம் செலவு.

அவர் தராதபோது நாமே திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால், அது பெயரளவில்தான் விற்பனை, உண்மையில் கடன். வருமதி ஏட்டில் அப்படியே இருக்கும். பெற்ற காசு நிதியிடல் பகுதியில் கடனாகவே காட்டப்பட வேண்டும்.

முதல் வகையிலும் ஒரு மயக்கம் உண்டு. வியாபாரம் வளரவில்லை, அடுத்த ஆண்டுக்குரிய காசு முன்கூட்டியே வந்துவிட்டது. அடுத்த மார்ச்சில் மீண்டும் விற்காவிட்டால் காசுப்பாய்ச்சல் அந்தளவு குறைந்து தெரியும்.

2018 ஜனவரியில் வீழ்ந்த பிரித்தானியக் கட்டுமானக் கம்பனி கரிலியன், இதற்கு எதிர்த்திசையில் சென்றது. தான் செலுத்த வேண்டிய பட்டியல்களை வங்கிகளைக் கொண்டு செலுத்துவித்து, அதனைக் கடனாகக் காட்டாதிருந்தது. பணத்துக்காகக் காத்திருந்த சிறிய வழங்குநர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர்.

ஆகவே, பெரிய கம்பனிக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுக்குமுன் அதன் கணக்குக் குறிப்புகளையும் பாருங்கள். வருமதி குறைந்து காசு கூடியிருந்தால், அது அறவிடப்பட்டதா, விற்கப்பட்டதா என்று கேளுங்கள்.