தராசுக்காரர் கூலி

சாகண் வெங்காயச் சந்தைக்குச் சென்ற நண்பர்கள் மூட்டைகள் தராசில் ஏறுவதைக் கண்டிருப்பீர்கள். நிறுப்பவரின் கூலியை வாங்குபவர் மட்டுமே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முள் எந்தப் பக்கம் சாயுமோ என்று விற்பவர் மனம் அடித்துக்கொள்ளும். அரசு வேலைக்கு ஆள் எடுப்பதிலும் இக்கேள்வி உண்டு. பல இலாகாக்களுக்கு ஒரே தேர்வாணையம் ஆட்களைத் தேர்ந்தெடுத்துத் தருகிறது. அதன் செலவை யார் ஏற்பது?

நமது அரசியல் சட்டம் 322ஆம் விதியில் விடை கூறுகிறது. மத்திய தேர்வாணையத்தின் செலவு, உறுப்பினர்களின் சம்பளமும் ஓய்வூதியமும் உட்பட, இந்தியத் தொகுப்பு நிதியின்மீது சாட்டப்பட்டுள்ளது. சாட்டப்பட்ட செலவைப் பற்றிப் பார்லிமெண்டில் விவாதிக்கலாம். வாக்கெடுப்புக்கு விட முடியாது. ரயில்வேக்கும் வருமானவரி இலாகாவுக்கும் அயல்நாட்டுத் துறைக்கும் அதிகாரிகளைத் தேர்ந்து கொடுத்தபின், தலைக்கு இவ்வளவு என்று பில் போவதில்லை. பில் கட்டும் இலாகா, 'எங்கள் ஆளையும் கொஞ்சம் கவனியுங்கள்' என்று சொல்லத் துணியும் அல்லவா?

குமாஸ்தா முதலிய பணிகளுக்காக 1975இல் தோன்றிய ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷனுக்கு இந்தக் காப்பு இல்லை. அதன் பணம் பணியாளர் துறையின் மானியக் கோரிக்கையோடு வாக்கெடுப்புக்கு வருகிறது.

ஒரு மாநிலத்தின் தேவைக்கு மத்திய தேர்வாணையம் உழைத்தால் என்ன செய்வது? கவர்னர் வேண்டி, குடியரசுத் தலைவர் இசைந்தால் அதற்கு 315ஆம் விதி இடந்தருகிறது. அப்போது 290ஆம் விதிப்படி அம்மாநிலம் தன் தொகுப்பு நிதியிலிருந்து பங்கு தரவேண்டும். தொகையை இருவரும் பேசி முடிக்கலாம். முடியாவிட்டால் இந்தியத் தலைமை நீதிபதி நியமிக்கும் நடுவர் தீர்ப்பார். விஞ்ஞானம் பயிலும் எனக்கு இங்கே ஒரு சூத்திரத்தை எழுதிவிடக் கை துறுதுறுக்கிறது. சட்டம் செய்தவர்களோ எழுதாமல் விட்டார்கள். வருங்காலக் கணக்கை வருங்காலத்துக்கே விட்டது நன்று என்பேன்.

அமெரிக்கர் வழி வேறு. அங்கே 1979இல் அமைந்த பணியாளர் நிர்வாக அலுவலகம் ஒரு சுழல் நிதி வைத்திருக்கிறது. பயிற்சி, ஆள்தேர்வு போன்ற பல சேவைகளுக்கு இலாகாக்கள் கட்டணம் செலுத்த, அந்நிதி நிரம்புகிறது. காசு கொடுத்துப் பெறுவதால் தேவையறிந்து கேட்பார்கள் என்பது இதன் நன்மை. நம் முறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விண்ணப்பம் போடும் நாமும் ஒரு சிறு பங்கு தருகிறோம். சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வுக்குக் கட்டணம் 100 ரூபாய். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அதுவும் இல்லை. 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் 9,92,599 பேர். எழுத வந்தோர் 5,83,213 பேர். வராத நான்கு லட்சம் பேருக்கும் இருக்கை ஒதுக்கியாக வேண்டும். ரயில்வே தேர்வு வாரியங்கள் இதற்கொரு வழி கண்டன. 2018இல் பொதுப்பிரிவினரிடம் 500 ரூபாய் வாங்கி, முதல் தேர்வை வந்து எழுதியவருக்கு வங்கிச் செலவு போக 400 ரூபாயைத் திருப்பித் தருவதாக அறிவித்தன. வராதவருக்கு அது கிடையாது.