முதல் வீடு வாங்குகிறீர்களா? முதலில் ஊரைப் பாருங்கள்
சென்னைப் புறநகரில் குடும்பத்துக்கு ஏற்ற பகுதியைத் தேர்ந்தெடுக்கும் வழிமுறை

வீட்டுக்குள் பிடிக்காததை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். சமையல் மேடையை இடித்துக் கட்டலாம், தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடலாம். தெருவில் தேங்கும் மழைநீரை ஒரு குடும்பம் தன் கைக்காசில் வடியவைக்க முடியாது. நிலத்தடியில் உப்பாகிவிட்ட தண்ணீரை நல்ல தண்ணீராக்க முடியாது. அப்படியிருந்தும் முதல் வீடு வாங்கும் பலர் மாடல் ஃப்ளாட்டின் அழகில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பகுதியைப் பற்றிப் பிறகுதான் விசாரிக்கிறார்கள். இருபது வருடம் தவணை கட்டப்போகும் குடும்பத்துக்கு இந்த வரிசை தலைகீழானது. பகுதியை முடிவுசெய்யுங்கள், அதற்குப் பிறகு அங்கே வீடு தேடுங்கள்.

1. கையில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன் என்றால் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் வங்கி தரலாம். 60 லட்சத்துக்கு ஒரு பழைய தனி வீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கடன் 48 லட்சத்தைத் தாண்டாது. 12 லட்சம் உங்கள் பணம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம், அதாவது 5.4 லட்சமும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். புது ஃப்ளாட்டுக்குக் கணக்கு வேறு; சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாதச் செலவில் தவணையை மட்டும் எழுதாதீர்கள். பெட்ரோல், ஸ்கூல் வேன், தண்ணீர் லாரி, ஃப்ளாட் என்றால் பராமரிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி வாங்கி மிச்சப்படுத்தும் தொகை, பல குடும்பங்களுக்கு இந்தச் செலவுகளிலேயே கரைந்துவிடுகிறது.

2. இன்றைக்கு ஓடும் ரயிலை நம்பி வாங்குங்கள்

வரைபடத்தில் கணவன், மனைவி இருவரின் அலுவலகத்தையும் குறியுங்கள். பிறகு ரயில் பாதைகளைப் பாருங்கள். கடற்கரை–செங்கல்பட்டு பாதையில் குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. சென்ட்ரல்–அரக்கோணம் பாதையில் அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர். கும்மிடிப்பூண்டி பாதையில் மீஞ்சூர், பொன்னேரி. ஓ.எம்.ஆரில் வேலை என்றால் இந்த மூன்று பாதைகளும் அந்தச் சாலைக்குப் போவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டது. பூந்தமல்லி, சிறுசேரி, மாதவரம் பக்கம் வீடு விற்பவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நீங்கள் பார்க்கும் பகுதியில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டதா என்பதே கேள்வி. வரப்போகும் நிலையத்துக்கான விலையை இன்றைக்கே கொடுத்தால், அது வரும்வரை வட்டியும் பயண அலுப்பும் உங்களுக்குத்தான்.

விளம்பரத்தில் உள்ள "ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம்" என்பதைச் சோதிக்க, ஒரு திங்கட்கிழமை காலை அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை போய்ப் பாருங்கள். மாலை ஏழு மணிக்கு அதே வழியில் திரும்புங்கள். ஷேர் ஆட்டோ கிடைக்கிறதா, ரயில்வே கேட்டில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், ஸ்டேஷனில் வண்டி நிறுத்த இடம் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. மழை நாளில் போங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். சென்னையைச் சுற்றியுள்ள நிலம் தட்டையானது. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும்படி அமைந்த நிலம் அது. இடையில் இருந்த வாய்க்கால்கள் தூர்ந்தும் மனையாகியும் போன இடங்களில், தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வீடுகளுக்குள் வருகிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் தண்ணீரில் நின்றன.

அதற்காக ஒரு பகுதியை முழுவதுமாக ஒதுக்கவும் வேண்டாம். முழுவதுமாக நம்பவும் வேண்டாம். ஒரே நகரில் முதல் தெரு காய்ந்திருக்கும், நான்காவது தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கும். ஆகவே தெருவை விசாரியுங்கள். இஸ்திரி போடுபவர், மளிகைக் கடைக்காரர், பக்கத்து அடுக்ககத்தின் வாட்ச்மேன் ஆகியோரிடம் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

- 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை வந்தது?
- வடிய எத்தனை நாள் ஆனது?
- மின்சாரம் எத்தனை நாள் இல்லை?

சுற்றுச்சுவர்களில் ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா என்று பாருங்கள். சாலையைவிட வீடு தாழ்ந்திருக்கிறதா, அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாசலை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தை அரசின் இணையதளத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். மனையை ஒட்டி வாய்க்காலோ ஓடையோ காட்டியிருந்தால், அது இன்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்த மனை வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பருக்குள் ஒரு முறையாவது, கனமழை பெய்த மறுநாள் அங்கே போய் நில்லுங்கள்.

4. மே மாதத் தண்ணீரைக் கேளுங்கள்

மழையில் மூழ்கும் பகுதியே கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருப்பதும் சென்னையில் உண்டு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது புறநகர்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. குழாய்க் குடிநீர் அந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, போர் எத்தனை அடி போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அடுக்ககம் என்றால், போன ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு செலவானது என்று சங்கத்தின் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

போர் தண்ணீரைப் பரிசோதிப்பது எளிது. கரைந்துள்ள உப்பின் அளவு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. குழாயிலும் பாத்ரூம் டைல்ஸிலும் வெள்ளைப் படிவு இருந்தாலே உப்பு அதிகம் என்று தெரிந்துவிடும். பாதாளச் சாக்கடை உண்டா, கழிவுநீர் லாரியை அழைக்க வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

5. பிள்ளைகள், பெரியவர்கள், பெண்கள் கண்ணால் பாருங்கள்

பள்ளியின் பெயரைவிடத் தூரம் முக்கியம். ஐந்து வயதுக் குழந்தை காலை ஆறரைக்கே வேன் ஏற வேண்டியிருந்தால் அந்தப் பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கும் போய்ப் பாருங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும் வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம் என்பது முக்கியம்.

அப்பா, அம்மா உடன் இருந்தால், இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறல் என்றால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில், எத்தனை நிமிடத்தில் போவோம் என்று இப்போதே பதில் தேடுங்கள். வீட்டுப் பெண்கள் இரவு எட்டரைக்கு பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுவரை நடந்து பார்க்கட்டும். தெருவிளக்கு, திறந்திருக்கும் கடைகள், ஆள் நடமாட்டம் பற்றி அவர்கள் சொல்வதே இறுதி.

காற்றும் சத்தமும் குடும்பத்தின் உடல்நலத்தைச் சேர்ந்தவை. பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகள், மணலி ஆலைகள், மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்களின் பாதை ஆகியவற்றுக்கு அருகே பார்க்கிறீர்கள் என்றால் காலை, இரவு இரண்டு வேளையும் போய் இருந்து பாருங்கள்.

6. பத்திரம் பார்க்கும் முன் ஒப்புதலைப் பாருங்கள்

மனைப்பிரிவுக்கு அரசின் நகரமைப்பு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.யின் ஒப்புதல் உண்டா? வெறும் பஞ்சாயத்து ஒப்புதல் போதாது. ஒப்புதல் இல்லாத பழைய மனைப்பிரிவு என்றால், 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் பதிவான மனைகளுக்கு அரசு கொடுத்த வரன்முறை வாய்ப்பில் அந்த மனை முறைப்படுத்தப்பட்டதா என்று ஆணையின் நகலைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் புதுத் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். ரெராவின் இணையதளத்தில் வரைபடத்தையும் முடிக்க வேண்டிய தேதியையும் பார்க்கலாம். பூங்கா என்று வரைபடத்தில் காட்டிய இடம் நேரில் பூங்காவாக இருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள்.

இவை சரியாக இருந்தால் மட்டும் தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்றிதழுடன் உங்கள் சொந்த வக்கீலிடம் போங்கள். பில்டர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

7. முடிந்தால் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள்

மனதுக்குப் பிடித்த பகுதியில் ஒரு மழையும் ஒரு கோடையும் வாடகை வீட்டில் கழித்தால், எந்தத் தரகரும் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும். எந்தத் தெரு மேடு, எந்த போரில் தண்ணீர் நிற்கிறது, யார் நியாயமான விலைக்கு விற்கிறார்கள் என்பது அங்கே வசிப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

8. இரண்டு பட்டியல் எழுதி முடிவெடுங்கள்

முதல் பட்டியல், விட்டுக்கொடுக்கக் கூடாதவை: வெள்ளம், தண்ணீர், ஒப்புதல், பத்திரம். இவற்றில் ஒன்று தவறினாலும், விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது பட்டியல், பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடியவை: பயண நேரம், கடைத்தெரு, பள்ளியின் பெயர், வீட்டின் அளவு. இதில் மதிப்பெண் போடும்போது, பகல் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப்போகிறவருக்குக் கூடுதல் உரிமை கொடுங்கள்.

"இன்றைக்கே டோக்கன் போடுங்கள், நாளைக்கு விலை ஏறும்" என்ற அவசரம் எப்போதும் விற்பவருடையது. முதல் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காகிதத்திலோ கண்ணாலோ பதில் கிடைக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.