குடுவை மீனின் நோய்

ஆலங்குளம் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் இடைப்பட்ட பெருவழியில் அமைந்த ஊர். ஆனி, ஆடித் திங்களில் குற்றால மலைப்பக்கத்தினின்று வீசும் குளிர்காற்று அவ்வூரையும் தொட்டுச் செல்லும். மக்களுக்கு இன்பம் தரும் அக்காற்று, சாளரத்தருகே கண்ணாடிக் குடுவையில் வாழும் சிறுமீனுக்குத் துன்பமாய் முடிதலும் உண்டு. சிறிதளவு நீர் விரைவில் குளிர்ந்துவிடும்; குளிர்ந்த நீரில் மீனின் நோய் தாங்கும் ஆற்றல் குன்றும்.

சிறுவர் ‘ஃபைட்டர்’ என்று வழங்கும் போர்மீன் தாய்லாந்து நாட்டுக்குரியது. 2019ஆம் ஆண்டில் அந்நாடு அதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. நம் நாட்டுப் பனையேறிக் கெண்டையைப் போலவே, அது செவுள்களோடு காற்றை உட்கொள்ளும் தனியுறுப்பையும் உடையது. ஆதலின் நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு வாங்கும். இதனால் எந்நீரிலும் அது வாழும் என்று கருதுதல் தவறு. தூய நீரும், 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பமும் அதற்கு வேண்டும்.

வாயில்லா உயிரின் நோயை அதன் செயலால் அறிதல் வேண்டும். இரையை வெறுத்தல், துடுப்புகளை ஒடுக்குதல், அடியிற் கிடத்தல், கல்லில் உடலை உராய்தல் ஆகியவை முதற்குறிகள். துடுப்பின் ஓரம் சிதைந்து குறைந்தால் அது துடுப்பழுகல். உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றினால் அது வெண்புள்ளி நோய். வயிறு வீங்கிச் செதில்கள் நிமிர்ந்து நின்றால், அது மகோதரம் போன்ற வீக்கநோய். முன்னைய இரண்டும் காலத்தே கண்டால் பெரும்பாலும் தீரும். இறுதியது தீர்தல் அரிது.

வெண்புள்ளி நோயைத் தருவது ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்குங்கால் மருந்து அதனை அணுகாது. முதிர்ந்தபின் அது மீனை விட்டு நீங்கி, குடுவையின் அடியில் ஒட்டிப் பல நூறாகப் பெருகும். அவ்விளவுயிர்கள் மீனைத் தேடி நீந்தும்போதே மருந்து அவற்றைக் கொல்லும்.

இதனை அறியாத மாணவன் ஒருவன், புள்ளிகள் மறைந்த அன்றே மருந்தை நிறுத்தினான் என்று கொள்க. சில நாளில் முன்னினும் மிகுதியாகப் புள்ளிகள் தோன்றும். மருந்து பயனற்றது என்று அவன் நோவான். உண்மையில் குறைந்தது அவனுடைய பொறுமையே.

நோயுற்ற மீனைத் தனிக்கலத்தில் வைத்தல் வேண்டும். நாள்தோறும் நீரில் காற்பங்கை நீக்கி, அதே வெப்பமுள்ள புதுநீரை ஊற்றுதல் வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீராயின், ஒருநாள் திறந்த கலத்தில் வைத்திருந்து பயன்படுத்துதல் நன்று. அயோடின் சேராத உப்பை, லிட்டருக்கு 1 கிராம் அளவில் வேறு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மருந்தைக் குறித்த அளவில் இட்டு, புள்ளிகள் மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடர்தல் வேண்டும்.

நோயையும், அதன் காரணத்தையும், தீர்க்கும் வழியையும் முறையே ஆராய்க என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காட்டும் நெறி. குளத்து மீன் நீர் கெட்டால் வேறிடம் நாடிச் செல்லும். குடுவையில் இட்ட மீனுக்கு அவ்வழி இல்லை. அதனை அங்கே இட்டவரே அதன் நலத்தைக் காக்கக் கடமைப்பட்டவர்.